ஒரே பணம், இரண்டு வரி

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுதித் தரும்படி இதழ்க் குழுவினர் கேட்டதால் இங்கே.)



தண்ணீர் லாரி, ஜெனரேட்டர் டீசல், பார்க்கிங் என்று பேச எவ்வளவோ இருக்கிறது. அதற்கு நடுவில் ஒருவர் எழுந்து, "டேட்டாபேஸில் ஒரே பதிவு இரண்டு முறை ஏறாமல் தடுப்பது எப்படி" என்று ஆரம்பித்தால், பாதிப் பேர் காபி பக்கம் நகர்ந்துவிடுவீர்கள். கொஞ்சம் இருங்கள். இது உங்கள் பணம் பற்றிய பேச்சு.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். கையால் பேரேடு எழுதிய காலத்தையும் கணினி வந்த காலத்தையும் பார்த்தவன் என்பதால், புது மென்பொருள் வாங்கும் குழுவில் என்னையும் சேர்த்தார்கள்.

இதுவரை நமக்கு பில் போட ஒரு மென்பொருள், வரவு எழுத ஓர் எக்செல் ஷீட். அடுத்த காலாண்டிலிருந்து இரண்டும் ஒரே டேட்டாபேஸுக்குப் போகின்றன. டேட்டாபேஸ் என்றால் பல பேரேடுகள் அடுக்கிய பீரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பேரேடும் ஓர் அட்டவணை. அட்டவணையில் குறுக்கே போவது வரி, கீழ்நோக்கிப் போவது பத்தி. (வரி என்றால் எழுதும் வரி. சொத்து வரிக்கு இன்னொரு நாள் கூட்டம் போடலாம்.) ஒரு பில்லுக்கு ஒரு வரி. ஒரு வரவுக்கு ஒரு வரி. ஒன்றுக்கு இரண்டு வரி விழுந்தால்தான் தொல்லை.

எப்படி விழுகிறது? கணவர் கூகுள் பேயில் பணம் கட்டி ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். மனைவி அதே படத்தை மேனேஜருக்குத் தனியாக அனுப்புகிறார். மேனேஜர் ஒன்றை எழுதுகிறார், மாலையில் வரும் உதவியாளர் மற்றொன்றை எழுதுகிறார். அல்லது, வங்கி ஸ்டேட்மென்டை 1-ஆம் தேதி முதல் 15 வரை இறக்கி ஏற்றுகிறோம். அடுத்த முறை 10 முதல் 30 வரை இறக்கி ஏற்றுகிறோம். நடுவில் உள்ள ஆறு நாள் வரவெல்லாம் இரட்டை. அல்லது இன்டர்நெட் இழுக்கிறது, பொத்தானை அழுத்தியவர் "போகவில்லை போல" என்று இன்னொரு முறை அழுத்துகிறார். யாரும் திருடவில்லை, யாரும் சோம்பேறியும் இல்லை. வேலை இப்படித்தான் நடக்கும்.

பேரேடு காலத்தில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. வவுச்சரைப் பதிந்ததும் அதன் மேல் முத்திரை விழும், பதிந்தவர் சுருக்கொப்பம் இடுவார். பணம் கொடுத்த செக்கின் மேலும் முத்திரை. அதே காகிதம் மறுபடி கவுன்டருக்கு வந்தால் முத்திரையே காட்டிக்கொடுக்கும். தடை காகிதத்திலேயே இருந்தது; கிளார்க்கின் ஞாபகசக்தியை யாரும் நம்பவில்லை. வாட்ஸ்அப் படத்தின் மேல் யார் முத்திரை குத்துவது?

காமர்ஸ் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரே வரவை இரண்டு முறை எழுதினால் இருப்பாய்வு காட்டிக்கொடுக்குமா? கொடுக்காது. இரண்டு முறையும் பற்றும் வரவும் முறையாக எழுதியிருக்கிறோம். இரண்டு பக்கமும் சமமாகவே ஏறும். டிரையல் பேலன்ஸ் டாலி ஆகிறது என்று பொருளாளர் நிம்மதியாகத் தூங்கலாம். காட்டிக்கொடுப்பது வங்கிச் சரிகட்டும் பட்டியல்தான், அதுவும் மாதாமாதம் போட்டால். ஆனால் இரட்டைப் பில்லுக்கு அதுவும் உதவாது. பில் வங்கிக்குப் போவதே இல்லையே! ஒரே காலாண்டுக்கு இரண்டு பில் இருந்தால், அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு பில் வாங்குகிறவர் தலையில்தான்.

நம் வளாகத்திலேயே நடந்தது. தனியாக வசிக்கும் ஓர் அம்மாள், எழுபது வயதுக்கு மேல். ஒரு காலாண்டுக்கு அவர் பெயரில் 7,200 ரூபாய்க்கு இரண்டு பில் விழுந்திருக்கிறது. ஒன்றைக் கட்டிவிட்டார். மற்றொன்று பாக்கியாக நின்றது, அதன் மேல் தாமதக் கட்டணம் ஏறியது, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிய பாக்கிப் பட்டியலில் அவர் ஃபிளாட் எண் வந்தது. அவர் அலுவலகத்துக்கு வந்து சண்டை போடவில்லை. கட்டியது ஞாபகம் இருந்தும், "எனக்குத்தான் மறதி வந்துவிட்டது போல" என்று தாமதக் கட்டணத்தோடு மறுபடி கட்டிவிட்டார். ஐந்து மாதம் கழித்து அவர் மகள் பாஸ்புக்கைப் பார்த்துக் கேட்ட பிறகுதான் நமக்கே தெரிந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அந்த ஐந்து மாதம் அவர் தன் ஞாபகத்தைச் சந்தேகித்துக்கொண்டு இருந்தாரே, அதை எந்த வவுச்சர் போட்டுத் திருப்பிக் கொடுப்பது?

இதற்கு முதலில் வரும் யோசனை எப்போதும் "இனிமேல் கவனமாக இருக்கச் சொல்வோம்" என்பது. சொல்லலாம். மார்ச் மாதக் கடைசியில் ஒரே நாளில் அறுபது வரவு வரும்போது கவனம் என்ன ஆகும் என்று கவுன்டரில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது யோசனை மூன்றாவது மாடித் தம்பியுடையது. மென்பொருள் துறையில் இருக்கிறார். "சேர்ப்பதற்கு முன்னால் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்றால் சேர்க்கும்படி எழுதிவிடலாமே அங்கிள்?" நல்ல யோசனைதான், ஆனால் பாதிதான் உதவும். மேனேஜர் அலுவலகத்தில் தேடுகிறார்: இல்லை. அதே நொடியில் பொருளாளர் வீட்டில் லேப்டாப்பில் தேடுகிறார்: இல்லை. இருவரும் சேர்க்கிறார்கள். ஃபிரிட்ஜில் பால் இல்லை என்று பார்த்துவிட்டு அப்பா ஒரு பக்கமும் மகன் ஒரு பக்கமும் கடைக்குப் போய், ஆளுக்கு இரண்டு பாக்கெட் வாங்கி வருகிற கதை. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் இடைவெளி இருக்கிற வரை இது நடக்கும். பொத்தானை வேகமாக இரண்டு முறை அழுத்தும்போது நடப்பதும் இதுதான்.

மூன்றாவது, மென்பொருள் கொடுப்பவர்கள் சொல்லும் சமாதானம்: "எங்கள் அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் தனி எண் உண்டு சார், பிரைமரி கீ இருக்கிறது." இதைக் கேட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். அந்த எண் என்ன எண் என்று கேளுங்கள். வரி விழ விழத் தானாகக் கூடிக்கொண்டே போகும் வரிசை எண் என்றால், அது எதையும் தடுக்காது. ஒரே பணம் இரண்டு முறை வந்தால் முதல் வரிக்கு 1041, அடுத்ததற்கு 1042 என்று அழகாகக் கொடுத்துவிட்டுப் போகும்.

வேண்டியது என்னவென்றால், பழைய முத்திரையைப் போல, தடை அட்டவணையிலேயே இருக்க வேண்டும். அதற்கு யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் என்று பெயர். நான் ஒருமுறை விதி என்று சொல்கிறேன். "இந்தப் பத்தியில் ஒரு மதிப்பு ஒரு முறைதான் வரலாம்" என்றோ, "இந்த மூன்று பத்திகளும் சேர்ந்து ஒரே மாதிரி இரண்டாம் முறை வரக்கூடாது" என்றோ அட்டவணைக்கே சொல்லிவிடுவது. அதன் பிறகு மேனேஜர் வழியாக வந்தாலும், மொபைல் செயலி வழியாக வந்தாலும், எக்செல் ஏற்றம் வழியாக வந்தாலும் இரண்டாவது வரியை டேட்டாபேஸ் ஏற்காது. இருவர் ஒரே நொடியில் வந்தால், ஒருவர் வேலை முடியும்வரை மற்றவரை நிறுத்திவைத்து, பிறகு மறுத்துவிடும். நான் கேட்டுப் பார்த்த வரையில் இது ஒரு வரி கட்டளை. தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை.

இது தானாகவே இருக்காதா என்று கேட்பீர்கள். இந்த வகை டேட்டாபேஸுக்கு அடித்தளம் போட்டவர் எட்கர் காட், ஐபிஎம் நிறுவனத்தில் இருந்தவர். 1970-இல் கட்டுரை எழுதினார். அவர் கணிதத்தின்படி அட்டவணை என்பது ஒரு கணம். பள்ளிக்கூடத்தில் படித்தோமே, கணத்தில் ஒரே உறுப்பை இரண்டு முறை எண்ணுவதில்லை. ஆனால் பிற்பாடு வந்த எஸ்.கியூ.எல். மொழி அந்தக் கண்டிப்பை வைத்துக்கொள்ளவில்லை. நாம் விதி வைக்காவிட்டால் ஒரே வரியை நூறு முறை கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்.

சரி, விதி வைக்கலாம். எதன் மேல் வைப்பது? இங்கேதான் நாம் மென்பொருள்காரரிடம் பொறுப்பை விட்டுவிடக் கூடாது. எந்த இரண்டு வரிகள் ஒரே விஷயம், எவை பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வேறு விஷயங்கள் என்று அவருக்குத் தெரியாது. நமக்குத்தான் தெரியும்.

பில்லுக்குச் சுலபம். ஃபிளாட் எண், காலாண்டு, பில் வகை, இந்த மூன்றும் சேர்ந்து ஒரு முறை. பில் வகை ஏன் என்றால், அதே காலாண்டில் மெயின்டனன்ஸும் இருக்கலாம், பெயின்டிங் நிதியும் இருக்கலாம். இந்த விதி இருந்திருந்தால் அந்த அம்மாளுக்கு இரண்டாவது பில் பிறந்தே இருக்காது.

வரவுக்கு அவ்வளவு சுலபம் இல்லை. "ஃபிளாட் எண், தேதி, தொகை மூன்றும் ஒன்றாக இருந்தால் இரட்டை" என்று ஒரு யோசனை குழுவில் வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. பெங்களூரில் இருக்கும் மகள் அப்பாவின் ஃபிளாட்டுக்கு 7,200 அனுப்புகிறார். அது தெரியாமல் அப்பாவும் அன்றைக்கே 7,200 கட்டுகிறார். மூன்றும் ஒன்றுதான், ஆனால் பணம் இரண்டு. இரண்டும் வங்கியில் வந்து நிற்கிறது. மென்பொருள் ஒன்றைத் தள்ளிவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு 7,200 ரூபாய் காணாமல் போகும், சங்கக் கணக்கில் சொந்தக்காரர் தெரியாத 7,200 நிற்கும். இரட்டைப் பதிவைத் தடுக்கப் போய் உண்மையான பணத்தை மறுப்பது அதைவிட மோசம்.

அதனால் வரவுக்கு அடையாளம் வங்கி கொடுக்கும் குறிப்பு எண்தான். யூபிஐ என்றால் 12 இலக்கம். என்.இ.எஃப்.டி. என்றால் யூ.டி.ஆர். எண் 16 எழுத்து, ஆர்.டி.ஜி.எஸ். என்றால் 22. மகள் அனுப்பியதற்கு ஓர் எண், அப்பா அனுப்பியதற்கு வேறு எண். கணவரும் மனைவியும் அனுப்பிய ஒரே ஸ்கிரீன்ஷாட்டில் ஒரே எண். பணம் செலுத்திய முறையும் குறிப்பு எண்ணும் சேர்ந்து ஒரு முறை என்று விதி வைத்தால் போதும்.

செக்குக்கு அது போதாது. செக் எண் ஆறு இலக்கம்தான். உங்கள் புத்தகத்திலும் என் புத்தகத்திலும் ஒரே எண் இருக்க எந்தத் தடையும் இல்லை. ஆகவே செக் எண்ணோடு, அடியில் அச்சிட்ட ஒன்பது இலக்க எம்.ஐ.சி.ஆர். எண், அதோடு ஃபிளாட் எண். திரும்பி வந்த செக்கை மறுபடி போடும்போது புது வரி எழுதக் கூடாது, பழைய வரியின் நிலையைத்தான் மாற்ற வேண்டும். ரொக்கத்துக்கு நம் ரசீதுப் புத்தக எண்ணும் ரசீது எண்ணும். ரசீது கிழிக்காமல் ரொக்கம் வாங்கும் பழக்கம் இதனாலேயே நின்றுவிடும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை.

இன்னும் ஒரு சிக்கல். நம்மில் சிலருக்கு இரண்டு ஃபிளாட். 14,400-ஐ ஒரே தடவையில் அனுப்பிவிட்டு, "இரண்டுக்கும் பிரித்துப் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். குறிப்பு எண் ஒன்று, வரி இரண்டு வேண்டும், விதி மறுக்கும். உடனே "விதியைத் தளர்த்துங்கள்" என்பார்கள். தளர்த்த வேண்டாம். இரண்டு அட்டவணையாகப் பிரிக்க வேண்டும். வந்த பணத்துக்கு ஒன்று, அதில் குறிப்பு எண் ஒரு முறைதான். அந்தப் பணத்தை எந்த ஃபிளாட்டின் எந்தப் பில்லுக்கு எவ்வளவு வைத்தோம் என்பதற்கு இன்னொன்று. கையால் எழுதிய நாளேட்டையும் பேரேட்டையும் தனியாக வைத்தது போலத்தான்.

விதி வைத்த பிறகும் ஓட்டை வழியாக நுழைபவை உண்டு. முக்கியமானது காலிக் கட்டம். குறிப்பு எண் தெரியவில்லை என்று மேனேஜர் கட்டத்தை வெறுமையாக விட்டால், பெரும்பாலான டேட்டாபேஸ்களில் ஒருமுறை விதி அந்த வரியைத் தொடாது. தெரியாதது இன்னொரு தெரியாததற்குச் சமம் என்று எப்படிச் சொல்வது என்பது அவற்றின் வாதம். தத்துவமாகச் சரி, நமக்கு ஆபத்து. குறிப்பு எண் காலியாக இருக்கக் கூடாது என்று தனியாக இன்னொரு விதி வேண்டும். அதேபோல் "ஏ-302", "ஏ302", "ஏ 302" மூன்றும் கம்ப்யூட்டருக்கு மூன்று ஃபிளாட். ஃபிளாட் எண்ணைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்தால் தீர்ந்தது.

எக்செல் செய்யும் ஒரு குறும்பையும் சொல்லியாக வேண்டும். 12 இலக்க யூபிஐ எண்ணை எக்செல் ஓர் எண்ணாக நினைத்து 4.12ஈ+11 என்று சுருக்கிக் காட்டும். அதை அப்படியே சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் சுருக்கியதுதான் கோப்பில் போகும். கடைசி இலக்கங்கள் போயே போய்விடும். வேறு வேறு ஆட்கள் கட்டிய பணமெல்லாம் ஒரே எண்ணாகத் தெரியும், ஒருமுறை விதி நல்ல பணத்தை மறுக்கும். வங்கிக் கோப்பை எக்செலில் திறந்து சேமிக்காமல் நேராக ஏற்ற வேண்டும், அல்லது அந்தப் பத்தியை முதலிலேயே டெக்ஸ்ட் என்று அமைக்க வேண்டும்.

மறுத்த வரியை என்ன செய்வது? ஸ்டேட்மென்டில் நடு ஆறு நாள் மறுபடி வந்தால் முழுக் கோப்பையும் தள்ளிவிடத் தேவையில்லை. இருப்பதை விட்டுவிட்டு இல்லாததை மட்டும் சேர்க்கலாம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் "ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்" என்று ஒரு வசதி, 2016 ஜனவரியில் வந்த 9.5 பதிப்பிலிருந்து இருக்கிறது. மைஎஸ்கியூஎலில் "இன்சர்ட் இக்னோர்". இரண்டாவதில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும்: அது இரட்டையை மட்டுமல்ல, வேறு சில பிழைகளையும் வெறும் எச்சரிக்கையாக்கிவிட்டு வேலையைத் தொடரும். எதுவானாலும், ஏற்றி முடித்ததும் திரையில் "வந்தவை 120, சேர்ந்தவை 97, ஏற்கெனவே இருந்தவை 23" என்று காட்ட வேண்டும், அந்த 23-ஐயும் பட்டியலாகக் கொடுக்க வேண்டும் என்று நம் தேவைக் குறிப்பில் எழுதியிருக்கிறேன். சத்தமில்லாமல் விழுங்கும் மென்பொருளை நான் நம்பமாட்டேன். "இருந்தால் பழையதன் மேல் புதியதை எழுது" என்றும் ஒரு வழி உண்டு. தொலைபேசி எண்ணுக்கு அது சரி, பண வரவுக்கு ஒருபோதும் கூடாது.

மாடித் தம்பி கடைசியில் இன்னொரு நல்ல விஷயமும் சொன்னார். பணம் கட்டும் பக்கம் திறக்கும்போதே அதற்கு ஒரு தனி எண் கொடுத்துவிடுவது. பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அதே எண்தான் போகும், முதல் முறைக்கு மேல் எதுவும் பதியாது. அந்தக் காலத்து பித்தளை டோக்கன்தான். ஒரு டோக்கனுக்கு ஒரு முறைதான் பணம்.

பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. இரட்டை வரிகள் உள்ளே இருக்கும்போது ஒருமுறை விதியைப் போட முடியாது, டேட்டாபேஸே ஒத்துக்கொள்ளாது. அதனால் மாற்றத்துக்கு முன்னால் கடந்த மூன்று ஆண்டு வரிகளைச் சலிக்க வேண்டும். சந்தேக வரிகளை அழித்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். கூடாது. அந்த வரிகளுக்கு ரசீது போயிருக்கிறது, தணிக்கை முடிந்திருக்கிறது. அவற்றை எடுத்துத் தனி அட்டவணையில், பழைய வரிசை எண், எடுத்தவர், தேதி, காரணம் என்று வைக்க வேண்டும். கணக்கில் எதிர்ப்பதிவு போட வேண்டும். "அறிக்கையில் மட்டும் ஒரே மாதிரி வரிகளைக் காட்டாமல் மறைத்துவிடலாம்" என்று ஒரு குறுக்கு வழியும் உண்டு. கேட்க இனிப்பாக இருக்கும். மறைத்த அறிக்கையின் கூட்டுத்தொகையும் பேரேட்டின் கூட்டுத்தொகையும் வேறாக நிற்கும்போது ஆடிட்டரிடம் யார் பேசுவது?

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பணம் கட்டியதும் ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பாமல் குறிப்பு எண்ணையும் தட்டச்சு செய்து அனுப்புங்கள், வீட்டுக்கு ஒருவர் மட்டும். சந்தேகத்துக்குரிய வரிகளின் பட்டியல் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. நோட்டீஸ் போர்டில் ஒட்டமாட்டோம். அதில் இரண்டு பில் போட்டதும் இருக்கிறது, இரண்டு வரவு எழுதியதும் இருக்கிறது. இரண்டு வரவு எழுதியதால் "முன்பணம் இருக்கிறது" என்று சிலருக்குக் காட்டியிருக்கும், அது உண்மையில் இருக்காது. அவர்களிடம் திடீரென்று பாக்கி கேட்காமல் நேரில் பேசியபின்தான் திருத்துவது என்று குழு முடிவு செய்திருக்கிறது. மாதக் கடைசி வரை திங்கள், வியாழன் காலை 10 முதல் 12 மணி வரை நான் அங்கே இருப்பேன். பாஸ்புக்கோ ஸ்டேட்மென்டோ எடுத்து வாருங்கள். மாடி இறங்கி வர முடியாத பெரியவர்கள் வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பினால் நானே வீட்டுக்கு வருகிறேன்.